கைக்கு எஞ்சும் ஆற்றல்

யூரியாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரையக் கரைய வாளி சில்லிட்டுப் போகும். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ யூரியாவைக் கொட்டிக் கலக்கினால் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். வாளியின் வெளிப்புறம் வியர்க்கும். ஒரு மோல் யூரியா, அதாவது 60 கிராம், கரையும்போது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து சுமார் 15 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

விறகு எரிந்து வெப்பத்தைத் தருவதும், சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் அது கொதித்து அடங்குவதும் நமக்குப் புதிராகத் தோன்றுவதில்லை. தன்னிடம் இருந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டு ஒரு பொருள் மாறுகிறது என்று ஏற்றுக்கொள்கிறோம். யூரியாவோ யாரும் சூடேற்றாமலேயே ஆற்றலை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு கரைகிறது. அப்படியானால் ஒரு மாற்றம் தானாக எந்தத் திசையில் நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது? 19ஆம் நூற்றாண்டின் வேதியியல் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியது. விடை கிடைத்த பிறகுதான் காற்றிலிருந்து உரம் செய்ய வழி பிறந்தது. அந்த வாளியில் கரையும் யூரியாவே அவ்விடையின் பயன்தான்.

வெப்பத்தின் பாதிக் கணக்கு

டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சனும் பிரான்சின் மார்செலின் பெர்த்தலோவும் ஆயிரக்கணக்கான வினைகளின் வெப்பத்தைப் பொறுமையாக அளந்தவர்கள். தானாக நடக்கும் வினை எதுவும் மிக அதிக வெப்பத்தை வெளியிடும் திசையிலேயே நடக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. அவர்கள் அளந்த பெரும்பாலான வினைகளுக்கு அது பொருந்தியது. ஆனால் கரையும்போது குளிரும் உப்புகள் அதற்கு அடங்கவில்லை. பனிக்கட்டி உருகுவதும் அடங்கவில்லை. ஒரு மோல் பனிக்கட்டி உருக 6 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இருந்தும் அறையில் வைத்த பனிக்கட்டி உருகாமல் இருப்பதில்லை.

விடுபட்டுப்போன மறுபாதியை நீராவி எந்திரங்களைப் பற்றிய ஆய்வு கொண்டுவந்து சேர்த்தது. 1865இல் ருடால்ஃப் கிளாசியஸ் என்ட்ரோபி என்ற அளவுக்குப் பெயர் சூட்டி அதை வரையறுத்தார். ஒரு பொருளுக்குள் மெல்ல மெல்ல வெப்பம் நுழையும்போது, அந்த வெப்பத்தை அப்போதைய வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது என்ட்ரோபியின் உயர்வு. வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். இந்த வகுத்தலைப் படிப்பவர் மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த அத்தியாயம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அதே 1,000 ஜூல் வெப்பம் 300 கெல்வினில் உள்ள சூழலுக்குப் போனால் அதன் என்ட்ரோபி 3.3 அலகு கூடும்; 1,000 கெல்வினில் உள்ள சூழலுக்குப் போனால் 1 அலகுதான் கூடும். குளிர்ந்த இடத்தில் வெப்பம் உண்டாக்கும் மாற்றம் பெரிது, ஏற்கெனவே கொதிக்கும் இடத்தில் அது சிறிது.

கிளாசியஸின் இரண்டாம் விதி இதுதான்: ஒரு மாற்றத்தில் பங்குபெறும் பொருள்கள், அவற்றின் சூழல் ஆகிய அனைத்தின் என்ட்ரோபியையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒருபோதும் குறையாது. தானாக நடக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும் அது கூடியே தீரும்.

அந்த அளவுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்கியவர் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மான். 1877இல் அவர் காட்டிய வழி எண்ணிக்கையின் வழி. ஒரு பெட்டியில் 100 வாயு மூலக்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் இடப்பாதியில் இருக்கலாம் அல்லது வலப்பாதியில் இருக்கலாம். மொத்த அமைப்புகள் 2ஐ 100 முறை பெருக்கிய எண்ணிக்கை. அது 1க்குப் பின் 30 சுழியங்கள் இட்ட எண்ணைவிடப் பெரியது. அத்தனை அமைப்புகளில் எல்லா மூலக்கூறும் இடப்பாதியில் குவிந்திருப்பது ஒன்றே ஒன்று. மூலக்கூறுகளுக்குப் பரவ வேண்டும் என்ற ஆசை எதுவும் இல்லை. பரவிய நிலைக்குரிய அமைப்புகள் கணக்கற்றவை, குவிந்த நிலைக்குரியவை மிகச் சில. அலைந்து திரியும் மூலக்கூறுகள் எண்ணிக்கை மிகுந்த பக்கத்தில் காணப்படுவது இயல்பு. இந்த எண்ணிக்கையின் மடக்கையே என்ட்ரோபி. வியன்னா மத்திய கல்லறைத் தோட்டத்தில் போல்ட்ஸ்மானின் கல்லறை மேல் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது.

என்ட்ரோபியை ஒழுங்கின்மை என்று சொல்லிவிட்டுப் பல நூல்கள் கடந்துபோகின்றன. அந்தச் சொல்லால் எதையும் கணக்கிட முடியாது. மூலக்கூறுகளும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதங்களில் அமைய முடியும் என்று கேட்பதே சரியான கேள்வி. அதற்கு எண்ணில் விடை உண்டு. அட்டவணைகளில் அச்சாகியும் இருக்கிறது.

கிப்ஸ் செய்த சுருக்கம்

விதி கிடைத்துவிட்டது என்றாலும் வேதியியலாளருக்கு ஒரு தொல்லை மிஞ்சியது. குடுவைக்குள் நடப்பதை அவர் அளக்கலாம். குடுவைக்கு வெளியே உள்ள உலகத்தின் என்ட்ரோபியை எப்படி அளப்பது? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தில் அமைதியாகப் பணியாற்றிய ஜோசையா வில்லார்டு கிப்ஸ் அதற்கு முடிவு கட்டினார். 1876இலும் 1878இலும் கனெக்டிகட் கலை அறிவியல் கழகத்தின் இதழில் அவருடைய நீண்ட ஆய்வுக்கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. ஐரோப்பாவில் அதன் அருமையை உணர்ந்தவர்கள் அப்போது மிகச் சிலர். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கிப்ஸ் முன்பு விவரித்திருந்த வெப்ப இயக்கவியல் பரப்பைத் தம் கையாலேயே வடித்து, அதன் அச்சு ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்திருந்தார். 1882இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸும் தனி வழியில் இதே கருத்துக்கு வந்து சேர்ந்தார்.

கிப்ஸின் எண்ணம் எளிமையானது. அழுத்தமும் வெப்பநிலையும் மாறாத நிலையில், குடுவை வெளியிடும் வெப்பம் முழுவதும் சூழலுக்குப் போகிறது. அந்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் சூழலின் என்ட்ரோபி உயர்வு கிடைத்துவிடும். ஆக, வெளியுலகத்தை அளக்க வேண்டியதே இல்லை. குடுவையின் இரண்டு எண்கள் போதும். ஒன்று, வினையின் வெப்பம். அதை என்தால்பி மாற்றம் என்கிறோம். மற்றொன்று, வினைபடும் பொருள்களின் என்ட்ரோபி மாற்றம். இரண்டையும் சேர்த்தால் வருவது:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

விடை எதிர்க்குறி பெற்றால் வினை அந்தத் திசையில் தானாக நடக்கலாம். நேர்க்குறி என்றால் எதிர்த்திசை. சுழியம் என்றால் சமநிலை. பனிக்கட்டிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். உருக வாங்கும் வெப்பம் மோலுக்கு 6,010 ஜூல், உருகும்போது கூடும் என்ட்ரோபி 22 அலகு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 273 கெல்வின். அதுவே சுழியம் டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் உருகும், கீழே உறையும். யூரியாவும் அப்படித்தான். படிகத்தில் கட்டுண்டிருந்த மூலக்கூறுகள் தண்ணீர் முழுவதும் பரவுவதால் என்ட்ரோபி கூடுகிறது. அறை வெப்பநிலையால் அதைப் பெருக்கினால் 15 கிலோஜூலை மிஞ்சிவிடுகிறது. அதனால் குளிர்ந்தபடியே கரைகிறது.

கட்டிலா ஆற்றலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு வினையிலிருந்து நாம் பெறக்கூடிய பயனுள்ள வேலையின் உச்ச வரம்பு அது. வினை வெளியிடும் வெப்பம் மொத்தச் சம்பளம் என்றால், வெப்பநிலையும் என்ட்ரோபியும் சேர்ந்த பெருக்கல் அதில் பிடித்தம்; கட்டிலா ஆற்றலே கைக்கு வருவது. பிடித்தத்தின் விகிதத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதைக் காட்ட அம்மோனியாவின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

நைட்ரஜனின் கணக்கு

1898இல் பிரிஸ்டல் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழக மாநாட்டில் அதன் தலைவர் வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கோதுமை விளைய நைட்ரஜன் உரம் வேண்டும்; உலகம் அதற்குச் சிலியின் வெடியுப்புப் படிவுகளை நம்பியிருக்கிறது; அவை ஒருநாள் தீர்ந்துவிடும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது, அதைப் பயிர் உண்ணும் வடிவத்துக்கு மாற்றும் பொறுப்பு வேதியியலாளருடையது என்பது அவர் விடுத்த அறைகூவல்.

நேரடியான வழி கண்ணெதிரே இருந்தது. ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு மோல் அம்மோனியா. இந்த வினை 92 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. மொத்தச் சம்பளம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான்கு மோல் வாயு இரண்டு மோலாகச் சுருங்குகிறது; தனித்தனியே பறந்த மூலக்கூறுகளில் பாதி குறைகின்றன. அதனால் என்ட்ரோபி 199 அலகு இறங்குகிறது. 25 டிகிரி செல்சியஸில், அதாவது 298 கெல்வினில், பிடித்தம் 59 கிலோஜூல். கைக்கு எஞ்சுவது 33 கிலோஜூல். வினை தானாக நடக்க இது தாராளம்.

சூழலின் பக்கமிருந்து பார்த்தாலும் அதே முடிவுதான். 92,000 ஜூலை 298ஆல் வகுத்தால் சூழல் 309 அலகு என்ட்ரோபி பெறுகிறது. குடுவை இழப்பது 199. நிகர வரவு 110. மொத்தம் கூடியிருக்கிறது, ஆகவே விதி அனுமதிக்கிறது.

அனுமதி இருந்தும் ஒன்றும் நடப்பதில்லை. அறை வெப்பநிலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒரு கலத்தில் அடைத்து வைத்தால் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும் அம்மோனியா வராது. நைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களை இணைக்கும் மூன்று பிணைப்புகளையும் சேர்த்து உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் அது ஒன்று. கட்டிலா ஆற்றல் திசையைச் சொல்லும். வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

வேகம் வேண்டுமென்றால் சூடாக்குவதே பழகிய வழி. இங்கே சூடாக்கினால் பிடித்தம் ஏறுகிறது. 92 கிலோஜூலை 199 அலகால் வகுத்தால் 462 கெல்வின், அதாவது சுமார் 190 டிகிரி செல்சியஸ். அந்த இடத்தில் சம்பளம் முழுவதும் பிடித்தத்தில் போய்விடுகிறது. அதற்கு மேலே போனால் கணக்கு நேர்க்குறிக்கு மாறி, அம்மோனியா சிதைவதே தானாக நடக்கும் திசையாகிவிடும். 190 டிகிரிக்குக் கீழே திசை சரி, வேகம் இல்லை. மேலே வேகம் உண்டு, திசை தவறு. இந்த இடுக்குதான் அந்தக் காலத்து வேதியியலாளரை நெருக்கியது.

ஹாபரும் நெர்ன்ஸ்டும்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஹாபர் இந்த இடுக்குக்குள் துணிந்து நுழைந்தார். 1904 வாக்கில் அவர் தொடங்கிய சோதனைகள் ஏறத்தாழ 1,000 டிகிரியில் நடந்தன. இரும்பை வினையூக்கியாக வைத்து, நைட்ரஜன் ஹைட்ரஜன் கலவையிலிருந்து ஒரு முறையும் அம்மோனியாவைச் சிதைத்து ஒரு முறையும், இரு பக்கமிருந்தும் சமநிலையை நெருங்கிப் பார்த்தார். கட்டிலா ஆற்றலின் நேர்க்குறி அம்மோனியாவை அறவே தடுத்துவிடுவதில்லை. மிகச் சிறிய அளவில் சமநிலை நின்றுவிடும், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்தது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான அம்மோனியா. இதை வைத்துத் தொழிற்சாலை கட்ட முடியாது என்று அவரே அப்போது முடிவு செய்தார்.

1906இல் வால்டர் நெர்ன்ஸ்ட் தம் வெப்பத் தேற்றத்தை வெளியிட்டார். பின்னாளில் வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியாக வளர்ந்தது இது. இதைக் கொண்டு வெப்ப அளவீடுகளிலிருந்தே வேதிச் சமநிலையைக் கணக்கிட முடியும். நெர்ன்ஸ்ட் கணக்கிட்ட எண்ணோடு ஹாபர் அளந்த எண் ஒத்துப்போகவில்லை. 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த புன்சன் கழகக் கூட்டத்தில் நெர்ன்ஸ்ட் இதை எல்லார் முன்னிலையிலும் எடுத்துச் சொன்னார். ஹாபரை அது ஆழமாகக் காயப்படுத்தியது. ஆனாலும் அந்த மோதல்தான் வழியைத் திறந்தது. நெர்ன்ஸ்ட் தம் அளவீட்டை உயர் அழுத்தத்தில் செய்திருந்தார். ஹாபரும், ஜெர்சி தீவிலிருந்து வந்த இளம் வேதியியலாளர் ராபர்ட் லே ரொசின்யோலும் அதே பாதையில் இறங்கி மீண்டும் அளந்தார்கள். வாயுவை அழுத்தினால் எவ்வளவு ஆதாயம் என்பது அப்போது எண்களாகத் தெரிய ஆரம்பித்தது.

அழுத்தம் ஏன் உதவுகிறது என்பதற்கும் என்ட்ரோபியே விடை. ஒரு மோல் வாயுவை 1 வளிமண்டல அழுத்தத்திலிருந்து 200 வளிமண்டலத்துக்கு நெருக்கினால், மூலக்கூறுகளுக்கு இருந்த இடம் குறைந்து அதன் என்ட்ரோபி 44 அலகு இறங்குகிறது. வினைக்கு முன் நான்கு மோல். இழப்பு 176 அலகு. வினைக்குப் பின் இரண்டு மோல், இழப்பு 88. ஆகவே இரு பக்கங்களுக்கும் இடையிலான என்ட்ரோபி வேறுபாடு 88 அலகு சுருங்கிவிடுகிறது. 500 டிகிரி செல்சியஸில், அதாவது 773 கெல்வினில், இதன் மதிப்பு 68 கிலோஜூல். அதே வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் கணக்கு நேர்க்குறிப் பக்கம் சுமார் 70 கிலோஜூல் சாய்ந்திருக்கும். ஏறக்குறைய முழுப் பற்றாக்குறையையும் அழுத்தம் ஈடுகட்டிவிடுகிறது. சாதாரண அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த அம்மோனியா, 200 வளிமண்டலத்தில் ஆறில் ஒரு பங்கை எட்டுகிறது. கணக்கைப் புரிந்துகொண்டு அதன் எந்த உறுப்பை நகர்த்த முடியும் என்று தேடியதன் பலன் இது.

1909 ஜூலை 2 அன்று கார்ல்ஸ்ரூஹேயில், பிஏஎஸ்எஃப் நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் முன்னிலையில், லே ரொசின்யோல் வடிவமைத்த கருவி ஓடியது. வினையூக்கி ஆஸ்மியம். வந்திருந்த கார்ல் போஷ், அழுத்தத்தால் ஓர் இணைப்பு கழன்று தாமதமானதால் முன்னதாகவே கிளம்பிவிட்டார். காத்திருந்த ஆல்வின் மிட்டாஷ் திரவ அம்மோனியா சொட்டுவதைக் கண்ணால் பார்த்தார். அந்தக் கருவியில் இன்னொரு நுட்பமும் இருந்தது. உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிஞ்சிய வாயுவை மீண்டும் சுற்றுக்கு அனுப்பினார்கள். விளைபொருளை அவ்வப்போது அகற்றிக்கொண்டே இருந்தால் சமநிலை ஒருபோதும் எட்டப்படாது. வினை முன்னோக்கியே நடந்துகொண்டிருக்கும்.

வினையூக்கியால் முடிந்ததும் முடியாததும்

அதன்பின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, ஆஸ்மியத்தின் இடத்தில் மலிவான இரும்பைக் கொண்டுவந்தது. அலுமினியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்த இரும்பு அது. இன்றும் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் அதன் வழித்தோன்றல்களே இருக்கின்றன. போஷ் வேறொரு சிக்கலைத் தீர்த்தார். சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதன் கார்பனை அரித்து வெடிக்க வைத்தது. உள்ளே மென்மையான இரும்பு உறை, வெளியே துளையிட்ட எஃகுச் சுவர் என்று அவர் அமைத்தார். 1913 செப்டம்பரில் லுட்விக்ஸ்ஹாஃபென் அருகே ஓப்பாவில், இந்த முறையில் அம்மோனியா செய்யும் உலகின் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. உரத்துக்காக எழுந்த ஆலை வெடிமருந்துக்கும் உழைத்தது. 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் நடந்த குளோரின் தாக்குதலை முன்நின்று நடத்தியவரும் இதே ஹாபர்தான். அவருடைய அறிவின் அருமையைச் சொல்லும்போது இந்தக் கொடுமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் பலர் தவறாக எடுத்துக்கொள்ளும் இடம் வினையூக்கி. ஆஸ்மியமோ இரும்போ கட்டிலா ஆற்றலை ஒரு ஜூல்கூட மாற்றவில்லை. நைட்ரஜனின் பிணைப்பு படிப்படியாகத் தளர ஒரு மேற்பரப்பைக் கொடுத்து, வினையின் வேகத்தைக் கூட்டியதோடு அவற்றின் வேலை முடிந்தது. முன்னோக்கிய வினையின் வேகம் கூடும் அளவுக்குப் பின்னோக்கிய வினையின் வேகமும் கூடும். சமநிலை இருந்த இடத்திலேயே இருக்கும். திசை தவறாக இருக்கும் வினையைத் திருப்பிவிடும் வினையூக்கி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, இனிமேலும் கண்டுபிடிக்கப்படாது. அப்படி ஒன்று இருந்தால் இரண்டாம் விதி பொய்யாகிவிடும்.

உளுந்து, துவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இதே வினையை வயல்வெளி வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் செய்கின்றன. அவற்றின் நைட்ரஜனேஸ் நொதியும் ஒரு வினையூக்கிதான். அது கணக்கிலிருந்து தப்பிக்கவில்லை. ஒரு மூலக்கூறு நைட்ரஜனை அம்மோனியாவாக்க, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகளில் குறைந்தது 16ஐ அது செலவழிக்கிறது. அந்தச் செலவுக்கான சர்க்கரையைச் செடிதான் கொடுக்கிறது.

இன்று உலகம் ஆண்டுதோறும் 15 கோடி டன்னுக்கும் மேல் அம்மோனியா செய்கிறது. மனித குலத்தில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு இதை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதற்கான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதால் வளிமண்டலத்தில் கரியமில வாயு சேர்கிறது. அதனால் தண்ணீரையும் காற்றையும் மட்டும் வைத்து, சூரிய மின்சாரத்தால் அம்மோனியா செய்யும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. நம் காலத்தின் மிக அவசியமான வேலைகளில் அது ஒன்று என்று நான் நம்புகிறேன். அங்கேயும் முதலில் கேட்க வேண்டியது கிப்ஸின் கேள்விதான்.

கணக்கு இப்படி வருகிறது. தண்ணீரும் நைட்ரஜனும் அம்மோனியாவாகவும் ஆக்சிஜனாகவும் மாற, ஒரு மோல் அம்மோனியாவுக்கு 339 கிலோஜூல் கட்டிலா ஆற்றலை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு டன்னுக்குச் சுமார் 20 கிகாஜூல், அதாவது ஏறத்தாழ 5,500 யூனிட் மின்சாரம். தண்ணீரை மின்னாற்பகுத்துச் செய்யும் இன்றைய முறைகளுக்கு இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் உழைத்து வெல்லக்கூடிய களம். அங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் மெய்யான வெற்றி. 5,500க்குக் கீழே செய்து காட்டுகிறோம் என்று எவர் வந்து சொன்னாலும், அவருடைய கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் கணக்கில் எங்கோ ஒரு பிடித்தம் விடுபட்டிருக்கிறது.